ஆபீஸ் டெலிபோன் சர்வர் வி.எம் ஆகும்போது ஃபோன்களுக்கு என்ன ஆகிறது?

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் சிஸ்கோவின் ஐ.பி டெலிபோன் வாங்கிப் போட்ட அலுவலகங்கள் சிலவற்றில், சர்வர் அறையின் ஓரத்தில் எம்.சி.எஸ் என்ற பழைய சர்வர் பெட்டி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டிஸ்க் போனால் மாற்று டிஸ்க் கிடைப்பது கஷ்டம். பராமரிக்க வருபவர் "விர்ச்சுவலுக்குப் போயிடலாம் சார்" என்கிறார். நிர்வாகத்தின் காதில் அது கிளவுட் என்று விழுகிறது. ஐ.டி பிரிவின் காதில், ஃபைல் சர்வரை வி.எம் (மென்பொருளால் உருவாக்கும் கற்பனைக் கணினி) ஆக்கியது மாதிரி இதுவும் ஒரு மதிய வேலை என்று விழுகிறது. இரண்டுமே சரியில்லை. இதற்கு நடுவில் 2023 நவம்பரில், வி.எம்களை ஓட்டும் மென்பொருள் விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் வாங்கி, அடுத்த மாதமே லைசென்ஸ் முறையை மாற்றியதில் செலவுக் கணக்கும் குழம்பிவிட்டது.

இங்கே அலுவலக ஃபோன் அழைப்புகளை இணைத்து வைக்கும் சர்வர் மென்பொருளான சிஸ்கோவின் கால்மேனேஜரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இப்போது அதன் பெயர் யூனிஃபைட் கம்யூனிகேஷன்ஸ் மேனேஜர். ஆனாலும் வேலை செய்பவர்கள் இன்றும் கால்மேனேஜர் என்றுதான் சொல்கிறார்கள். பழைய இயந்திரத்திலிருந்து வி.எம்முக்குப் போவதில் வரக்கூடிய சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒன்றில் தெரிந்துவிடும்.

## இந்த சர்வர் செய்கிற வேலை

பழைய இபிஏபிஎக்ஸ் (அலுவலக உள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்) பெட்டியில் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனிலிருந்தும் ஒரு ஜோடி வயர் வந்து ஒரு கார்டில் சேரும். பேச்சு அந்தப் பெட்டிக்குள் புகுந்துதான் வெளியே வரும். பெட்டி நின்றால் பேச்சும் நின்றுவிடும்.

ஐ.பி டெலிபோனில் அப்படி இல்லை. நீங்கள் ரிசீவரை எடுத்தீர்கள், 214 அழுத்தினீர்கள் என்ற செய்தி மட்டும் சர்வருக்குப் போகிறது. 214 எந்த ஃபோன், அதன் ஐ.பி முகவரி என்ன, உங்களுக்கு அங்கே பேச அனுமதி உண்டா என்று சர்வர் பார்த்து, இரண்டு ஃபோன்களையும் அறிமுகப்படுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அப்புறம் குரல், ஃபோனிலிருந்து ஃபோனுக்கு நேராகப் போகிறது. அதனால் பேசிக்கொண்டிருக்கும்போது சர்வர் செத்தாலும் அந்த இரண்டு ஃபோன்களுக்கு நடுவே பேச்சு அறுபடாது. அந்த அழைப்பை ஹோல்டில் போடவோ வேறு ஒருவருக்கு மாற்றவோ மட்டும் முடியாது. பேச்சு முடிந்ததும் ஃபோன், தன் பட்டியலில் அடுத்து இருக்கிற சர்வரைத் தேடிப் பதிவு செய்துகொள்ளும்.

இந்த சர்வர்களின் கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர். அதில் ஒன்று பப்ளிஷர். எக்ஸ்டென்ஷன், பெயர், அனுமதி என்று எல்லாம் அடங்கிய டேட்டாபேஸின் மூலப் பிரதி அதில்தான் இருக்கும். மற்றவை சப்ஸ்கிரைபர்கள். அவற்றிடம் நகல் இருக்கும், ஃபோன்கள் வழக்கமாக அவற்றில்தான் பதிவாகும். பப்ளிஷர் நின்றால் புது ஃபோன் சேர்க்க முடியாது. ஆனால் அழைப்புகள் போய்க்கொண்டிருக்கும்.

இதில் மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஃபோனுக்கு சர்வரின் முகவரி தெரிந்திருக்கிறது. சர்வரின் அடையாளத்தையும் அது நினைவில் வைத்திருக்கிறது. சர்வருக்கு நேரம் சரியாக ஓட வேண்டும். வி.எம் மாற்றத்தில் வரும் பெரும்பாலான தொல்லைகள் இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

## விர்ச்சுவல் வேறு, கிளவுட் வேறு

ஒரு பெரிய சர்வரில் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் அமர்கிறது. அது பிராசசர், நினைவகம், டிஸ்க் ஆகியவற்றைப் பங்கு பிரித்து, பல கற்பனைக் கணினிகளாகக் காட்டுகிறது. ஒவ்வொன்றும் ஒரு வி.எம். விஎம்வேர் நிறுவனத்தின் ஹைப்பர்வைசருக்கு ஈஎஸ்எக்ஸ்ஐ என்று பெயர். பெரிய சர்வரை ஹோஸ்ட் என்பார்கள்.

ஹோஸ்ட் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கலாம். கால்மேனேஜர் விஷயத்தில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மாத வாடகைக்கு வேறொருவரின் டேட்டா சென்டரிலிருந்து டெலிபோன் சேவை வாங்குவதுதான் கிளவுட். வி.எம் ஆக்கியதால் நிர்வாகப் பொறுப்பு உங்கள் கையை விட்டுப் போகாது. ஹோஸ்ட், ஸ்டோரேஜ், ஹைப்பர்வைசர் என்று பார்த்துக்கொள்ள வேண்டியவை கூடத்தான் செய்யும்.

## இது ஏன் கட்டாயமாயிற்று

கால்மேனேஜர் சிஸ்கோவில் பிறந்தது அல்ல. 1998இல் செல்சியஸ் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தை சிஸ்கோ வாங்கியபோது கூடவே வந்தது. இன்றைக்கும் ஒவ்வொரு ஃபோனின் பெயரும் எஸ்இபி என்ற மூன்று எழுத்தில் தொடங்கி, பின்னால் அதன் மேக் முகவரியோடு (நெட்வொர்க்கில் அந்தக் கருவிக்கே உரிய எண்) முடியும். செல்சியஸ் ஈதர்நெட் ஃபோன் என்பதன் சுருக்கம் அது. கம்பெனியின் பெயர் மறைந்து கால் நூற்றாண்டு ஆகியும், டேட்டாபேஸில் ஒவ்வொரு மேசை ஃபோனும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறது.

4ஆம் வரிசை வரை அது விண்டோஸ் மேல் ஓடியது. 2006இல் வந்த 5.0இலிருந்து லினக்ஸ். விண்டோஸில் இருந்தபோது நிர்வாகி உள்ளே போய் எதையும் மாற்றலாம். லினக்ஸ் வந்த பிறகு சிஸ்கோ அதை மூடிய பெட்டியாகத் தந்தது. வெப் பக்கமும் சில கட்டளைகளும்தான் கையில் இருக்கும், ரூட், அதாவது முழு நிர்வாகி அனுமதி கிடையாது. அடியில் ஓடியது எச்.பி அல்லது ஐ.பி.எம் தயாரித்து சிஸ்கோ முத்திரை குத்திய எம்.சி.எஸ் 7800 வரிசை சர்வர்.

2009இல் சிஸ்கோ யூசிஎஸ் என்ற பெயரில் சொந்தமாக சர்வர் விற்கத் தொடங்கியது. 2010இல் 8.0(2) பதிப்பு, யூசிஎஸ் மேல் வி.எம் ஆக ஓடும்படி வந்தது. சில வருடங்களுக்கு இரண்டு வழியும் திறந்திருந்தன. 9.1தான் நேரடியாக இயந்திரத்தில் நிறுவக்கூடிய கடைசிப் பதிப்பு. 2013 இறுதியில் வந்த 10.0 முதல் வி.எம் மட்டும்தான். ஆகவே 9.1க்கு மேல் எதற்குப் போக நினைத்தாலும் "விர்ச்சுவலா, வேண்டாமா" என்ற கேள்வியே எழாது. பழையதிலேயே இருந்துகொள்வோம் என்றால் பாதுகாப்பு ஓட்டைகளுக்கான திருத்தம் வராது, புது ஃபோன் மாடல்களை அது அடையாளம் காணாது, சர்வர் போனால் அதை நிறுவுவதற்கு இயந்திரமும் கிடைக்காது.

## எந்தப் பதிப்பிலிருந்து எப்படித் தாவுவது

இங்கே பொதுவாக நடக்கிற தவறு, ஓடுகிற சர்வரின் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து வி.எம் ஆக்கப் பார்ப்பது. சாதாரண விண்டோஸ் சர்வருக்கு அந்த வித்தை நடக்கும். கால்மேனேஜருக்கு சிஸ்கோ அதை ஆதரிப்பதில்லை. உள்ளே இருக்கிற லினக்ஸ், எம்.சி.எஸ் இயந்திரத்தின் பாகங்களுக்கென்று நிறுவப்பட்டது. புதிதாக வி.எம்மை நிறுவித் தகவலை மட்டும் கொண்டுபோவதுதான் முறை. அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

1. பேக்கப் வழி. கால்மேனேஜருக்குள்ளேயே டிஆர்எஸ் என்ற பேக்கப் கருவி இருக்கிறது. அதன் விதி கறாரானது: எந்தப் பதிப்பில் எடுத்தீர்களோ அதே பதிப்பில், அதே ஹோஸ்ட் பெயரும் ஐ.பி முகவரியும் உள்ள சர்வரில்தான் திரும்பப் போட முடியும். வி.எம் ஆதரவு 8.0(2)இல்தான் தொடங்குகிறது. ஆகவே 7.1இல் இருப்பவர் பழைய இயந்திரத்திலேயே 8 அல்லது 9 வரிசைக்கு ஏறி, பேக்கப் எடுத்து, அதே பதிப்பை வி.எம்மில் நிறுவி, அதில் பேக்கப்பை இறக்கி, அங்கிருந்து 10க்கு மேல் ஏற வேண்டும். பழைய எம்.சி.எஸ் மாடல்களில் இந்த நடுப்படிக்கே நினைவகமோ டிஸ்க்கோ போதாமல் போகலாம். முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. பி.சி.டி வழி. பிரைம் கொலாபரேஷன் டிப்ளாய்மென்ட் என்பது 10.0 காலத்தில் வந்த தனிக் கருவி. அதுவும் ஒரு வி.எம்தான். 6.1(5) போன்ற பழைய கிளஸ்டரிலிருந்துகூட டேட்டாபேஸை உருவி, புது வி.எம்மில் புதுப் பதிப்பை நிறுவும்போதே உள்ளே போட்டுவிடும். நடுப்படிகள் தேவையில்லை. தகவலை உருவி முடித்ததும் பழைய சர்வரை அதுவே அணைத்துவிடும். உருவிய பிறகு பழைய சர்வரில் செய்த மாற்றம் எதுவும் புதியதில் இருக்காது. அதனால் வேலை நடக்கிற நாளில் "யாரும் எக்ஸ்டென்ஷன் மாற்றாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வழிக்கு ஒரு நிபந்தனை. பி.சி.டி, ஈஎஸ்எக்ஸ்ஐயோடு பேசி வி.எம்களை இயக்கி அணைக்கிறது. இலவச ஈஎஸ்எக்ஸ்ஐயில் அந்த வாசல் படிப்பதற்கு மட்டும்தான் திறந்திருக்கும், கட்டளையை ஏற்காது. காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் இல்லாமல் இந்தக் கருவி அசையாது.

முதல் வழியில் போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. வழக்கமான மேம்படுத்தலில் புதுப் பதிப்பு டிஸ்க்கின் இன்னொரு பகுதியில் சத்தமில்லாமல் நிறுவப்படும். ஃபோன்கள் பழைய பகுதியில் ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் ஒருமுறை மறுதொடக்கம் செய்து பகுதியை மாற்றினால் போதும். 8.5 அல்லது அதற்கும் கீழிருந்து 8.6க்கு ஏறுவது போன்ற சில ஏற்றங்களில் அடியிலுள்ள லினக்ஸே மாறுவதால், நிறுவும் நேரம் முழுக்க அந்த சர்வர் சேவையில் இருக்காது. அரை மணி நேரம் என்று சொல்லிவிட்டு அரை நாள் ஆகிற சங்கடம் இங்கேதான் வரும்.

## ஃபோன் புது சர்வரை நம்ப வேண்டும்

இந்த வேலையின் கனமான பகுதி இது. பலரும் இதை முன்கூட்டி யோசிப்பதில்லை.

8.0 வரும்வரை ஃபோன் வெகுளியாக இருந்தது. மின்சாரம் வந்ததும், ஐ.பி முகவரி ஒதுக்கித் தரும் டிஎச்சிபி சேவையிடம் ஒன்றை வாங்கும். ஆப்ஷன் 150 என்ற வரியில் சொல்லப்பட்ட டிஎஃப்டிபி (கோப்பு வழங்கும்) சர்வரிடம் போய் தன் பெயரிலுள்ள கோப்பை இறக்கிக்கொள்ளும். அதில் சொன்னபடி நடக்கும். அந்த சர்வர் உண்மையானதா, யாரோ நடுவில் வைத்ததா என்று கேட்காது.

8.0 முதல் ஃபோன் ஒரு நம்பிக்கைப் பட்டியலை வைத்துக்கொள்கிறது. ஐடிஎல் என்று பெயர். அதில் சர்வர்களின் சான்றிதழ்கள், அதாவது மின் அடையாள அட்டைகள், இருக்கும். கோப்பு எது வந்தாலும், அதில் போட்டிருக்கும் மின்கையெழுத்து பட்டியலில் உள்ள சான்றிதழோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்தாவிட்டால் டிவிஎஸ் என்ற சேவையிடம் "இவரைத் தெரியுமா?" என்று விசாரிக்கும். அந்த டிவிஎஸ்ஸும் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். அங்கேயும் பதில் சரியில்லை என்றால் கோப்பை நிராகரித்துவிடும்.

இப்போது ஒருவர் பழைய கிளஸ்டரைக் கழற்றிவிட்டு, "எல்லாம் சுத்தமாகப் புதிதாக அமைப்போம்" என்று அதே ஐ.பி முகவரிகளில் புது வி.எம்களை நிறுவி, எக்ஸ்டென்ஷன்களை எக்செல் கோப்பிலிருந்து ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முகவரி அதே, பெயர் அதே, ஆனால் சான்றிதழின் சாவி (மின்கையெழுத்துப் போடும் ரகசிய எண்) வேறு. ஃபோன்கள் என்ன செய்யும்?

ஃபோன் செத்துப் போகாது என்பதுதான் இதன் ஆபத்து. கடைசியாக நம்பிய கோப்பை வைத்துக்கொண்டு, அதிலுள்ள முகவரிக்குப் பதிவாகும். மணி அடிக்கும், பேசலாம். சனிக்கிழமை இரவு வேலை முடித்தவர்கள் எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போவார்கள். இரண்டு வாரம் கழித்து யாரோ ஒருவரின் ஃபோனில் ஒரு பொத்தானை மாற்ற வேண்டும் என்றால் மாறாது. புது ஃபெர்ம்வேர் (ஃபோனுக்குள் ஓடும் மென்பொருள்) இறங்காது. நேரம் ஒரு மண்டலத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் பழைய சர்வரை யாராவது அழித்திருப்பார்கள். பட்டியலை எடுக்கப் பெரும்பாலும் ஒரே வழிதான் மிஞ்சும்: ஒவ்வொரு மேசைக்கும் போய், பாதுகாப்பு மெனுவைத் திறந்து, கையால் அழிப்பது. ஒரு ஃபோனுக்கு மூன்று நிமிடம் என்றால் 500 ஃபோனுக்கு 25 மணி நேரம். கிளை அலுவலகங்கள் வேறு ஊரில் இருந்தால் பயணமும் சேரும்.

இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியவை:

1. டிஆர்எஸ் அல்லது பி.சி.டி வழியில் பெயரையும் ஐ.பியையும் மாற்றாமல் போனால் சாவிகளும் கூடவே வந்துவிடும். முடிந்தவரை இதையே செய்யுங்கள். "இந்த வாய்ப்பில் ஐ.பியையும் மாற்றிவிடலாமே" என்ற ஆசை வரும். அதைத் தனி வேலையாக வேறொரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

2. புதுக் கிளஸ்டர்தான் வேண்டும் என்றால், பழையது உயிரோடு இருக்கும்போதே இரண்டு கிளஸ்டர்களின் சான்றிதழ்களையும் மொத்தமாக ஏற்றுமதி செய்து ஒன்றுசேர்த்து, இரு பக்கமும் ஏற்றிவிட வேண்டும். அப்போது ஃபோன் டிவிஎஸ்ஸிடம் கேட்கும்போது "தெரியும்" என்று பதில் வரும்.

3. அதுவும் முடியாவிட்டால் பழைய கிளஸ்டரில், 8.0க்கு முந்தைய பதிப்புக்குத் திரும்பத் தயார் செய் என்று பொருள்படும் ஒரு அமைப்பு இருக்கிறது. அதை இயக்கி, டிவிஎஸ், டிஎஃப்டிபி சேவைகளை மறுதொடக்கம் செய்து, ஃபோன்களை ரீசெட் செய்தால், வெறும் பட்டியல் ஒன்றை அவை இறக்கிக்கொண்டு யாரையும் நம்பும் பழைய நிலைக்கு வரும். அந்த இடைவெளியில் எக்ஸ்டென்ஷன் மொபிலிட்டி (எந்த ஃபோனிலும் உள்நுழைந்து தன் எண்ணைப் பயன்படுத்தும் வசதி), நிறுவன டைரக்டரி போன்றவை வேலை செய்யாமல் போகலாம். ரீசெட் ஆகாத ஃபோன்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

7 வரிசையிலிருந்து வருபவர்களுக்கு நேர்மாறான நிலைமை. அவர்கள் ஃபோனில் பட்டியலே இல்லை, எனவே புது சர்வர் தருவதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். போவது சுலபம். ஆனால் புதியதில் ஏதோ சரியில்லை, பழைய 7க்கே திரும்பலாம் என்றால் அப்போது ஃபோன்களிடம் பட்டியல் இருக்கும், பழைய சர்வருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. மேலே சொன்ன அமைப்பின் பெயருக்குக் காரணமே இந்த நிலைமைதான்.

இன்னொரு சின்ன விஷயம். கால்மேனேஜர் தானே போட்டுக்கொள்ளும் சான்றிதழ்களுக்கு ஐந்து வருட ஆயுள். பழைய சர்வரில் அவை காலாவதியாகி நிற்கலாம். மாற்றத்துக்கு முன் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் கால்மேனேஜர் சான்றிதழையும் டிவிஎஸ் சான்றிதழையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, ஃபோன்கள் புதுப் பட்டியலை வாங்கிய பிறகு மற்றதை மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்து மாறினால் விசாரிக்க ஆளே இல்லாமல் ஃபோன் நிற்கும்.

## ஹோஸ்ட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

மெயில் சர்வர் அரை விநாடி தயங்கினால் யாருக்கும் தெரியாது. டெலிபோனில் தெரியும். ரிசீவரை எடுத்ததும் டயல் டோன் வரவில்லை என்றால் மனிதர் உடனே வைத்துவிட்டு மறுபடி எடுப்பார். அதனால்தான் மற்ற வி.எம்களுக்குச் செய்கிற சிக்கனம் இதற்கு ஆகாது.

பிராசசர் விஷயத்தில், ஒரு கற்பனை பிராசசருக்கு ஒரு உண்மையான கோர் ஒதுக்க வேண்டும் என்பது சிஸ்கோவின் விதி. ஹைப்பர்த்ரெடிங்கால் இரட்டிப்பாகத் தெரிவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நினைவகத்தையும் முழுதாக ஒதுக்க வேண்டும். 16 கோர் ஹோஸ்ட்டில் சாதாரண வி.எம்கள் நாற்பது ஓட்டிப் பழகிய நிர்வாகிக்கு இது வீண்செலவாகத் தோன்றும். ஆனால் இந்த விதியை மீறினால், குரல் தடுமாறும்போது உதவி கேட்கப் போகிற இடத்தில் முதல் கேள்வியே இதுதான்.

அப்புறம் ஸ்னாப்ஷாட். வி.எம் என்றாலே "ஸ்னாப்ஷாட் எடுத்துக்கலாம், ஏதாவது ஆனா திரும்பிக்கலாம்" என்ற தைரியம்தான் பலருக்கு. கால்மேனேஜருக்கு சிஸ்கோ அதை ஆதரிப்பதில்லை. ஸ்னாப்ஷாட் எடுக்கும்போதும் பின்னால் அதைக் கலைக்கும்போதும் வி.எம் கொஞ்ச நேரம் உறைந்து நிற்கும். உடனடி அழைப்பு வேலைக்கு அது ஆகாது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம்: டேட்டாபேஸ் ஐந்தாறு சர்வர்களில் நகலாக ஓடுகிறது. ஒன்றை மட்டும் நேற்றைக்குத் திருப்பிவிட்டால் மற்றவை இன்றைக்கு நிற்கும், நகல்கள் ஒன்றோடொன்று முரண்படும். டிஆர்எஸ் பேக்கப்தான் பேக்கப், அதற்கு மாற்று இல்லை.

நேரம். இயந்திரத்தில் இருந்தபோது மதர்போர்டில் ஒரு கடிகாரம் இருந்தது. வி.எம்முக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது, ஹோஸ்ட் தரும் துண்டு நேரத்தை எண்ணிக்கொண்டு போகும், நழுவும். எனவே பப்ளிஷர், வெளியே உள்ள ஒரு என்டிபி சர்வரிடம் நேரம் வாங்க வேண்டும். சப்ஸ்கிரைபர்கள் பப்ளிஷரிடம் வாங்கும். வி.எம்மாக நிறுவும்போதே என்டிபி முகவரி கேட்கும், எட்டவில்லை என்றால் நிறுவல் முன்னே போகாது. ஹோஸ்ட்டிலிருந்து நேரம் திணிக்கும் விஎம்வேர் வசதியை அணைத்து வைக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே கடிகாரத்தைத் திருப்பக் கூடாது. நேரம் பிசகினால் சான்றிதழ் செல்லாது, டேட்டாபேஸ் நகல் உடையும், அழைப்புப் பதிவில் யார் எப்போது பேசினார் என்பதும் பொய்யாகும்.

கடைசியாக, இடம். பப்ளிஷரையும் சப்ஸ்கிரைபரையும் ஒரே ஹோஸ்ட்டில் வைத்தால் இரண்டு சர்வர் இருந்தும் பயன் இல்லை. ஹோஸ்ட் ஒன்று போனால் வி.எம்மை அடுத்த ஹோஸ்ட்டில் தானாக எழுப்பும் வசதி விஎம்வேரில் உண்டு. ஆனால் எழுந்து எல்லா சேவையும் தொடங்கப் பல நிமிடம் ஆகும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு சப்ஸ்கிரைபருக்கு ஃபோன் தாவுவது அதைவிட வெகு வேகம். ஆகவே இரண்டு ஹோஸ்ட், முடிந்தால் இரண்டு ரேக், இரண்டு யுபிஎஸ்.

## கூட வராதவை

சில எம்.சி.எஸ் சர்வர்களில் யுஎஸ்பி ஒலிக்கருவி செருகி, காத்திருப்போருக்கு நேரலையாகப் பாட்டோ வானொலியோ ஓட்டியிருப்பார்கள். வி.எம்மில் அது நடக்காது. ஒலிக்கோப்பாக ஏற்ற வேண்டும், அல்லது ரூட்டரிலிருந்து ஒலிபரப்ப வேண்டும்.

பி.ஆர்.ஐ லைன்கள் (டெலிபோன் நிறுவனத்திலிருந்து வரும் டிஜிட்டல் லைன்கள்) தப்பித்துவிடும், ஏனென்றால் இந்த அமைப்பில் அவை எப்போதுமே சர்வரில் செருகப்பட்டவை அல்ல, ரூட்டரில் இருப்பவை. ஒரு ஈ1 கம்பியில் 30 பேர் பேசலாம் என்ற கணக்கும் மாறாது. ரூட்டரின் அமைப்பில் சர்வரின் ஐ.பி எழுதியிருக்கும், சர்வர் முகவரி மாறினால் அதையும் மாற்ற வேண்டும்.

மிகப் பழைய ஃபோன்கள் தப்பாது. 11.5 பதிப்போடு 7905, 7910, 7912 போன்ற மாடல்களுக்கு ஆதரவு நின்றது. பின்வந்த பதிப்புகளில் பட்டியல் இன்னும் நீண்டது. ஏறிய மறுநிமிடம் அவை பதிவாகாமல் நிற்கும். பெரும்பாலும் அவை செக்யூரிட்டி அறை, கேன்டீன், குடோன் என்று யாரும் கணக்கில் வைக்காத இடங்களில்தான் இருக்கும். ஒரு விபத்து என்றால் முதலில் எடுக்கப்படும் ஃபோன்களும் அவையேதான். மாடல்வாரியாக ஒரு பட்டியலை முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

## லைசென்ஸ் இரண்டு அடுக்கு

கால்மேனேஜர் பக்கம்: 8 வரிசை வரை ஒவ்வொரு கருவிக்கும் இத்தனை அலகு என்ற கணக்கு. லைசென்ஸ் கோப்பு இயந்திரத்தின் மேக் முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். அதே 8 வரிசை வி.எம்மில் ஓடும்போது, ஹோஸ்ட் பெயர், ஐ.பி, என்டிபி, நேர மண்டலம் போன்றவற்றைக் கலந்து ஒரு லைசென்ஸ் மேக் உருவாக்கப்படும். அவற்றில் ஒன்றை மாற்றினாலும் லைசென்ஸை மறுபடி வாங்கிப் போட வேண்டும். 9 முதல் ஆள் கணக்கு. 12.0 முதல் ஸ்மார்ட் லைசென்சிங், அதாவது சிஸ்கோவிடம் உள்ள கணக்கோடு சர்வர் ஒத்துப் பார்த்துக்கொள்ளும். பழைய அலகுகள் தானாகப் புதிய முறைக்கு மாறிவிடாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. விலைக்குறிப்பு கேட்கும்போதே இதை எழுத்தில் வாங்குங்கள்.

விஎம்வேர் பக்கம்: 2023 டிசம்பரில் ஒருமுறை வாங்கி எப்போதும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸை பிராட்காம் விற்பதை நிறுத்தியது. இப்போது சந்தாதான். கோர் கணக்கில் விலை, ஒரு பிராசசருக்குக் குறைந்தது 16 கோர். எட்டு கோர் பிராசசர் இருந்தாலும் 16க்குக் கட்ட வேண்டும். இரண்டு ஹோஸ்ட், ஹோஸ்ட்டுக்கு இரண்டு பிராசசர் என்றால் குறைந்தபட்சம் 64 கோர். வெறும் டெலிபோனுக்காக ஹோஸ்ட் வாங்கும் சிறு அலுவலகத்துக்கு ஒற்றை பிராசசர் ஹோஸ்ட் இரண்டு போதுமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. ஏற்கெனவே விஎஸ்பியர் 7 (ஈஎஸ்எக்ஸ்ஐ அடங்கிய விஎம்வேர் தொகுப்பு) வைத்திருப்பவர்களுக்கு அதன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 2இல் முடிந்துவிட்டது.

## சர்வர் ஊர் மாறினால்

வி.எம் ஆகும் சாக்கில் கிளைகளில் இருந்த சர்வர்களைத் தலைமையகத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஒரே கிளைக்குள் பேசுவதற்கு இதனால் பாதிப்பில்லை, குரல் நேராகத்தானே போகிறது. ஆனால் காத்திருப்போர் கேட்கும் இசையும், மூவர் நால்வர் பேசும் கான்ஃபரன்ஸும் சர்வரிலிருந்து வருபவை. ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் குரல் 64 கிலோபிட். 20 மில்லிவிநாடிக்கு ஒரு பொட்டலம், அதன் மேலுறை 40 பைட், சேர்த்தால் ஒரு திசையில் 80 கிலோபிட். பத்துப் பேர் ஹோல்டில் இருந்தால் கிளைக்கு வரும் லைனில் 800 கிலோபிட் இசைக்கே போய்விடும். குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 என்றால் அதே கணக்கில் 24தான். ஆனால் சர்வருக்குள் இருக்கும் கான்ஃபரன்ஸ் வசதிக்கு ஜி.729 தெரியாது, ரூட்டரில் உள்ள சிப் வேண்டும். கிளை ரூட்டரில் எஸ்ஆர்எஸ்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். தலைமையகத்தோடு தொடர்பு அறுந்தால் ஃபோன்களுக்கு அந்த ரூட்டர்தான் தற்காலிக சர்வர்.

இந்தியாவில் இதற்கு ஒரு சட்டப் பக்கமும் உண்டு. சென்னைக் கிளையின் பொது லைனில் வந்த அழைப்பு, நிறுவனத்தின் சொந்த ஐ.பி இணைப்பில் மதுரை போய், அங்கே மறுபடி பொது லைனில் இறங்கினால், நடுவிலுள்ள தொலைதூரக் கட்டணத்தைத் தாண்டிப் போனதாக ஆகிவிடும். தொலைத்தொடர்புத் துறை விதிகள் இதைத்தான் தடுக்கின்றன. கால்மேனேஜரில் லாஜிக்கல் பார்ட்டிஷனிங் என்ற வசதி 7.1இல் வந்ததே இந்தியா போன்ற நாடுகளின் இந்த விதிக்காகத்தான். ஒவ்வொரு ஃபோனுக்கும், பொது லைன் வந்து சேரும் கேட்வேக்கும் ஊர் குறித்து, எந்த ஊர் லைன் எந்த ஊர் ஃபோனோடு சேரலாம் என்று அட்டவணை போடலாம். இந்த வசதி நிறுவும்போது அணைந்த நிலையில்தான் இருக்கும். பழைய டேட்டாபேஸைக் கொண்டுவந்தவர்களுக்கு அட்டவணையும் கூட வரும். புதிதாகக் கட்டியவர்கள் இதை மறந்துவிடுவார்கள். கால் சென்டர் போன்ற நிறுவனங்களுக்கு 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் விதிகள் தளர்த்தப்பட்டன, இபிஏபிஎக்ஸ் பொதுவாகப் பகிரவும் வழி வந்தது. உங்கள் அலுவலகம் எதில் அடங்கும் என்று லைன் தரும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## மாற்றும் இரவு

வேலையை வெள்ளி இரவில் தொடங்கினால் இரண்டு நாள் கையில் இருக்கும். வரிசை இப்படி அமையும்:

1. பழைய கிளஸ்டரில் பதிவான ஃபோன்களின் எண்ணிக்கையை மாடல்வாரியாக எழுதி வைத்து, டேட்டாபேஸ் நகல்கள் ஆரோக்கியமாக இருக்கின்றனவா என்று பார்த்து, டிஆர்எஸ் பேக்கப்பை வேறொரு கணினிக்கு எடுக்க வேண்டும். அதன் கடவுச்சொல், அதாவது கிளஸ்டரின் செக்யூரிட்டி பாஸ்வேர்ட், யாருக்காவது தெரியுமா என்பதை அன்றைக்கல்ல, ஒரு மாதம் முன்பே உறுதி செய்திருக்க வேண்டும்.

2. முதலில் பப்ளிஷர், பிறகு சப்ஸ்கிரைபர்கள். பப்ளிஷரில் நேரமும் டேட்டாபேஸும் சரியான பிறகே அடுத்தது.

3. ஃபோன்கள் புது ஃபெர்ம்வேர் இறக்கும் நேரத்தை ஒதுக்குங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் இறக்கும், மெதுவான கிளை லைனில் அதுவே மணிக்கணக்கில் ஆகும்.

4. சோதனை: உள் அழைப்பு, வெளி அழைப்பு, வெளியிலிருந்து ரிசப்ஷன், டிரான்ஸ்ஃபர், ஹோல்ட் இசை, ஃபேக்ஸ், லிஃப்ட் ஃபோன், 112. அப்புறம் ஏதாவது ஒரு ஃபோனில் ஒரு பொத்தானின் பெயரை மாற்றி ரீசெட் செய்து, அது திரையில் மாறுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். மேலே சொன்ன ஐடிஎல் சிக்கல் இருந்தால் அன்றிரவே தெரிந்துவிடும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு ஃபோனில் இதைச் செய்யுங்கள்.

5. பதிவான எண்ணிக்கையை முதல் பட்டியலோடு ஒப்பிடுங்கள். நான்கு குறைந்தால் அந்த நான்கு எவை என்று தெரியாமல் வேலையை முடிக்காதீர்கள்.

பழைய எம்.சி.எஸ் பெட்டியை உடனே அழிக்க வேண்டாம். அணைத்து, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, "ஆன் செய்யாதீர்கள்" என்று தாள் ஒட்டி ஒரு மாதம் வைத்திருங்கள். அதே ஐ.பி அதற்கும் இருக்கிறது. யாராவது சுத்தம் செய்ய வந்து சுவிட்சைப் போட்டால், கேபிள் செருகியிருந்தால், ஒரே முகவரியில் இரண்டு சர்வர்கள் நின்று பாதி ஃபோன்களை இழுத்துக்கொள்ளும்.